கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள்

திருச்சி புறநகரில் வீடு, பின்பக்கம் இரண்டு சென்ட் இடம், அதில் ஒரு எலுமிச்சை, இரண்டு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு தென்னை. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்து தங்குகிற இடமாக அதை ஆக்க என்ன பூச்செடி வாங்கலாம், தீனி வைக்கிற கூண்டு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், கறிவேப்பிலைக் கொழுந்தைப் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு தின்கிறது, அதற்கு என்ன மருந்து அடிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் புழு பெரும்பாலும் எலுமிச்சை அழகியாக இருக்கும். இல்லாவிட்டால் அதன் உறவான இன்னொன்று, கறுப்புச் சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாக ஓடுமே, அது. இரண்டுமே எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இலைகளில்தான் முட்டையிடும். இளங்கொழுந்தில் கடுகைவிடச் சிறிதாக, வெளிர் மஞ்சளாக, ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். பொரித்து வருகிற புழு முதல் சில நாள் கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போலவே இருக்கும், பறவைகள் கண்டுகொள்ளாமல் போவதற்கு அந்த வேஷம். கொஞ்சம் பெருத்ததும் தோலுரித்துப் பச்சையாகிவிடும். அப்போது அதை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து கவை போல இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல விஷயம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அப்புறம் ஒரு குச்சியில் நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் சுமார் ஒரு மாதம், அவ்வளவுதான். மருந்து அடித்தால் அந்த மாதம் வீண், அடுத்த மாதமும் வீண்.

கறிவேப்பிலை செத்துப்போகுமே என்ற பயம் வேண்டாம். நன்றாக வேர்விட்ட மரம் மொட்டையடித்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும், அதை நாமே குழம்புக்கு ஒடித்து ஒடித்துத்தானே வளர்க்கிறோம். சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் புழுவை இலையோடு கிள்ளிப் பெரிய மரத்துக்கு மாற்றிவிடுங்கள். கறிவேப்பிலை பக்கத்திலேயே வேரிலிருந்து கன்று விடும், அதில் இரண்டைப் பிரித்துச் சுவர் ஓரமாக நட்டால் அது புழுவுக்கு, பெரியது உங்களுக்கு. வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானதுதானே என்று சிலர் அடிப்பார்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு அதுவும் கேடுதான், அதையும் நிறுத்திவிடுங்கள்.

இந்த விஷயத்தில் பலரும் பூவைத் தேடுவார்கள். பூ தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பூவுக்கு வருகிற வண்ணத்துப்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும், இலைக்கு வருவதுதான் குடும்பம் நடத்தும். ஒவ்வொரு வகைக்கும் அதன் புழு தின்கிற செடி என்று சில உண்டு, அது இல்லாத இடத்தில் எத்தனை பூ பூத்தாலும் அது முட்டையிடாது. ஆகவே செடி வாங்கும்போது என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்பதைவிட யார் இந்த இலையைத் தின்பார்கள் என்று பாருங்கள். நல்ல செய்தி என்னவென்றால் அந்தச் செடிகளில் பாதி, நாம் களை என்று பிடுங்கி எறிகிறவை.

எருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்தய நிறத்தில், சிறகு ஓரம் கறுப்பும் வெள்ளையுமாக மெதுவாகப் பறக்குமே, அது வெந்தய வரியன். எருக்கம் இலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்களோடு கொழுகொழுவென்று இருப்பது அதன் புழு. எருக்கம்பாலில் இருக்கிற நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாது, அந்த தைரியத்தில்தான் அவ்வளவு நிதானமாகப் பறக்கிறது. எருக்கை வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கிற வீடு வேறு. வேலி ஓரம் தானாக முளைத்திருந்தால் வெட்டாமல் விட்டால் போதும். தெருமுனைக் காலி மனையில் நிற்கிற எருக்கும் உங்கள் தோட்டத்துக்காகத்தான் வேலை செய்கிறது, அதை வெட்ட வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தரையில் படருகிற பருப்புக்கீரை இன்னொன்று. அதைத் தின்று வளர்கிற ஒரு வகையில் ஆண் கறுப்பாக, பெரிய வெள்ளைப் பொட்டுகளைச் சுற்றி ஊதா மினுக்கோடு இருக்கும். பெண்ணோ அச்சு அசல் வெந்தய வரியன் போலவே இருக்கும். இதன் உடம்பில் நஞ்சு எதுவும் கிடையாது, நஞ்சுள்ளதன் வேஷத்தில் தப்பிக்கிறது. இரண்டும் ஒரே தோட்டத்தில் இருந்தால் எது எது என்று பார்த்துப் பழகவே ஒரு பருவம் போய்விடும். சிறுபூனைக்காலிக் கொடி, முடிமுடியாக உறை மூடிய சின்ன மஞ்சள் பழம் காய்க்குமே, அது வேலியில் ஏறினால் செம்மண் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி கூட்டமாகப் பெருகும். ஆமணக்கு ஒன்று இருந்தால் போதும், அதற்கென்றே ஒரு பழுப்பு நிறப் பூச்சி இருக்கிறது. ஆவாரை, தகரை, சரக்கொன்றை மூன்றில் எது இருந்தாலும் வெளிர் மஞ்சளும் இளம்பச்சையுமாகப் படபடவென்று பறக்கிற கூட்டம் வரும். உங்கள் தென்னையையும் ஒரு வகை தின்னும், மாமரத்தை ஒரு வகை, நெட்டிலிங்கத்தையும் சீதாவையும் பச்சைப் புள்ளிகளோடு வேகமாகப் பறக்கிற ஒரு வகை. ஒன்றும் நடாமலே உங்களிடம் ஏற்கெனவே மூன்று நான்கு வகைக்கு இடம் இருக்கிறது.

ஒரே ஒரு செடியை மட்டும் தேடிப் போய் நடச் சொல்வேன், ஆடுதின்னாப்பாளை. கரிசல் காட்டு வரப்பில் தரையோடு தரையாகப் படர்ந்து, சாம்பல் பூத்த பச்சையில் இதய வடிவ இலையோடு இருக்கும், கசப்பில் ஆடுகூடத் தொடாது. கொடியாக ஏறுகிற ஈஸ்வரமூலியும் இதே குடும்பம். சிவப்புடல் அழகி என்று சொல்வார்கள், கறுப்புச் சிறகு, ரத்தச் சிவப்பில் உடம்பு, நம் சமவெளியில் இதற்கு ஈடான அழகு கிடையாது என்பது என் கட்சி. அதன் புழுவுக்கு இந்தக் குடும்பத்தை விட்டால் வேறு சாப்பாடே இல்லை. இந்தச் செடியின் நஞ்சும் புழுவுக்குள் போய்ப் பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது. முதலில் சொன்னேனே, கறிவேப்பிலையில் வளர்கிற கறுப்பு வண்ணத்துப்பூச்சி, அதன் பெண்களில் ஒரு பகுதி இந்தச் சிவப்புடல் அழகியின் வேஷத்தில் பிறக்கும், இன்னொரு பகுதி இதன் உறவுக்கார வகை ஒன்றின் வேஷத்தில். கறிவேப்பிலையும் ஆடுதின்னாப்பாளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அசலும் நகலும் ஒரே பூவில் தேன் குடிப்பதைப் பார்க்கலாம், இதைப் பார்க்க யாரும் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: இதை மூலிகை என்று சொல்லிக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. இந்தச் செடிக் குடும்பத்தில் இருக்கிற அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். பூச்சிக்கு மட்டும் வளருங்கள்.

சரி, பூ. வெட்சி, அதுதான் இட்லிப்பூ, கண்ணை மூடிக்கொண்டு நடலாம், வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் ஆகும். செம்பருத்தி வைத்தால் ஒற்றை இதழ் வகையாகப் பார்த்து வையுங்கள், அடுக்குச் செம்பருத்தி பார்க்க நன்றாயிருக்கும், தேனுக்கு வழி இருக்காது. துளசியின் பூங்கதிரைக் கிள்ளாமல் ஒரு செடியையாவது விடுங்கள். நொச்சி வேலி ஓரம் நிற்கட்டும். முருங்கைப் பூ ஏற்கெனவே இருக்கிறது, ஒரு வாழை வைத்தால் வாழைப்பூ மடல் விரியும்போதெல்லாம் தேன்சிட்டு வரும். வெட்டுக்காயப் பூண்டு என்று தரையில் சின்ன மஞ்சள் பூவோடு இருக்கிறதே, அதைப் புல்லோடு செதுக்காமல் விட்டால் நகத்தளவு நீலப்பூச்சிகளுக்கு அது போதும். பூச்செடி எதுவானாலும் வெயில் விழுகிற இடத்தில் வையுங்கள், வண்ணத்துப்பூச்சிக்கு வெயிலில் உடம்பு சூடேறினால்தான் பறக்கவே முடியும், மர நிழலில் வைத்த பூ அதற்கு இல்லாத மாதிரிதான். உன்னிச்செடி மட்டும் வேண்டாம். அதில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை, நர்சரியில் நிறம் நிறமாக விற்கவும் செய்கிறார்கள். ஆனால் அதன் பழத்தைக் குருவி தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடும், அது அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை எவ்வளவு தூரம் மூடிவிட்டது என்பதை முதுமலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். இட்லிப்பூ இருக்கும்போது அது எதற்கு.

பூ இல்லாத இரண்டு விருந்தும் உண்டு. ஒரு அகலத் தட்டில் மணலைப் போட்டு ஒரு சிட்டிகை சாம்பலும் கொஞ்சம் மட்கிய சாணமும் கலந்து எப்போதும் ஈரமாக வைத்திருங்கள், ஆண் வண்ணத்துப்பூச்சிகள் ஈரமண்ணில் உப்பை உறிஞ்ச வரும், அதைச் சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கும், முட்டைக்கு அது ஆகிறது. இன்னொன்று, அழுகிப்போகிற வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் குப்பைக்கு அனுப்பாமல் மரத்தடியில் வைப்பது. பூவுக்கே வராத பழுப்பு நிற வகைகள், அந்தி நேரத்தில் பறக்கிறவை, அதற்கு வரும். இடம் மிச்சமிருந்தால் கிலுகிலுப்பைச் செடி ஒரு பாத்தி விதைத்துவிடுங்கள், வரியன், கறுப்பன் என்கிற வண்ணத்துப்பூச்சிகள் அதன் காய்ந்த தண்டில் கொத்துக்கொத்தாகத் தொங்கும், அந்தச் செடியிலிருந்து எடுக்கிற சத்தை வைத்துத்தான் ஆண்கள் பெண்ணைக் கவரும் வாசனையைச் செய்கின்றன. கோடையிலும் வடகிழக்கு மழையை ஒட்டியும் இந்தக் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே இருக்கிற மலைகளுக்கும் இடையே வலசை போகின்றன, வழியில் கிலுகிலுப்பை இருக்கிற தோட்டத்தில் இறங்கிவிட்டுப் போகும்.

இனி பறவை. தீனிக் கூண்டு வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தானியம் கொட்டினால் வருவது மாடப்புறா, காகம், மைனா. மூன்றும் ஏற்கெனவே ஊர் முழுக்க நிறைந்திருக்கின்றன, அவை கூடக் கூட மற்றவை ஒதுங்கும், புறா எச்சத்தைக் கழுவுவதே வேலையாகிவிடும், தினம் அரிசி சிந்தினால் எலியும் வரும். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிற பழக்கம் வேறு, அது இருக்கட்டும். தேன்சிட்டும் தையல்சிட்டும் கரிச்சானும் குக்குறுவானும் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதைவிட முக்கியமானது ஒன்று: பழமும் தானியமும் தின்கிற பறவைகளில்கூடப் பெரும்பாலானவை குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டும். சிட்டுக்குருவி அப்படித்தான். கம்பும் தினையும் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பூச்சிமருந்து அடிக்கிற வீட்டில் பெரிய குருவி வயிறு நிறையத் தின்னும், குஞ்சு பட்டினி கிடக்கும்.

அப்படியானால் வண்ணத்துப்பூச்சிப் புழுவைப் பறவை தின்றுவிடாதா என்று உங்களுக்கு இப்போது தோன்றும். தின்னும். நிறையத் தின்னும். தையல்சிட்டு எலுமிச்சையில் இலை இலையாகத் தேடுவதே அதற்குத்தான், அது விட்டதைக் குளவி பிடிக்கும், குளவி விட்டதற்குள் சின்ன ஒட்டுண்ணிக் குளவி முட்டை வைத்துவிடும், ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி வைக்கிற முட்டைகளில் சிறகு முளைப்பது கொஞ்சம்தான். அதனால்தான் அது அத்தனை முட்டை வைக்கிறது. வலை போட்டுப் புழுவைக் காப்பாற்ற வேண்டாம். உங்கள் எலுமிச்சையில் தையல்சிட்டு புழு தேடுகிறது என்றால் பக்கத்தில் எங்கோ இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் கேட்ட பறவை அதுதான்.

கூட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால் நாம் செய்யவேண்டியதைவிடச் செய்யாமல் இருக்கவேண்டியது அதிகம். தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் நூல் சிலந்தி வலை. தேன்சிட்டு சிலந்தி நூலை வைத்து நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் ஒட்டித் தொங்குகிற பை ஒன்று செய்யும், வராந்தாக் கொடிக்கயிற்றிலும் ஒயரிலும்கூடக் கட்டும். வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள், பின்பக்கச் செடிகளில் இருக்கிற வலையை விட்டுவிடுங்கள். கூடு கட்ட ஆரம்பித்துவிட்டால் அந்தக் கயிற்றை மாற்றாதீர்கள், துணியை வேறு இடத்தில் காயப்போடலாம். முருங்கையில் பட்டுப்போன கிளை இருந்தால், கீழே யார் தலையிலும் விழாத இடமாக இருந்தால், வெட்டாதீர்கள். முருங்கை மரம் மெத்து, செம்மார்புக் குக்குறுவானுக்கு அதைக் குடைவது சுலபம், வெயில் காலத்தில் டுக் டுக் டுக் என்று நாளெல்லாம் ஒரே சத்தமாகக் கேட்குமே, அது இந்தப் பறவைதான். அது விட்டுப்போன பொந்துக்கு அப்புறம் வேறு ஆள் வரும். மொட்டைத் தென்னை இருந்தால் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் அதற்குப் போட்டி போடும்.

முருங்கையைச் சொன்னதும் கம்பளிப்பூச்சியைச் சொல்லாமல் போகக்கூடாது, அடுத்த கேள்வியாக அதுதான் வரும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கிற அந்த மயிர்ப்புழு ஒரு அந்துப்பூச்சியின் புழு, மேலே பட்டால் தடித்து அரிக்கும், சகித்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். தீப்பந்தம் காட்டி எரிக்கிற பழக்கம் மரத்தையும் சுடும். பகலில் ஒரே இடத்தில்தானே கூடியிருக்கும், நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள், மரம் முழுக்க மருந்து அடிக்கத் தேவையில்லை.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைக்கலாம், ஆனால் தெருவில் ஏற்கெனவே குருவி இருந்தால்தான் அது வரும். ஓட்டை ஒன்றேகால் அங்குலம் போதும், ரொம்பப் பெரிதானால் மைனா புகுந்துவிடும். எட்டு பத்து அடி உயரத்தில், மதிய வெயில் படாத சுவரில், பூனை கால் வைக்க இடமில்லாத மாதிரி மாட்டுங்கள், முன்பக்கம் உட்காரக் குச்சி எதுவும் வைக்காதீர்கள், அது வேட்டையாடுகிறவனுக்குத்தான் உதவும். குருவி இருக்கிற தெருவானால் காலையில் ஒரு கைப்பிடி கம்பு, அதுவும் அன்றே தின்று தீர்கிற அளவு, போடலாம்.

பழத்துக்கு என்று ஒரு மரம் நட இடமிருந்தால் தேன்பழ மரம் நடுங்கள். அது வெளிநாட்டு மரம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் சின்ன இடத்தில் வருஷம் முழுக்கக் காய்க்கிற மரம் வேறு சுலபமாகக் கிடைக்காது, சின்னான், குயில், பூக்கொத்தி, இரவில் வௌவால் எல்லாவற்றுக்கும் அது சோறு போடும். நம்முடையதாகவே இருக்கவேண்டும் என்றால் இலந்தை, நுணா, இடம் பெரிதாக இருந்தால் நாவல். வேலியில் கோவைக்கொடி ஏறட்டும், பழுத்துச் சிவந்ததும் கிளியும் குயிலும் தேடி வரும். கிளி வந்தால் பிடித்து வளர்க்க ஆசைப்படுகிற சொந்தக்காரர்கள் உண்டு, நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்தான் நீங்கள் இன்றே செய்யக்கூடிய வேலை. பங்குனி சித்திரையில் திருச்சி வெயிலுக்கு எந்தப் பூச்செடியும் இழுக்காத பறவைகளை ஒரு மண் தட்டுத் தண்ணீர் இழுக்கும். அகலமான, சொரசொரப்பான தட்டு, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் நிற்காது, ஆழமான வாளியில் குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. புதரை ஒட்டி வைத்தால் பூனை மறைந்திருந்து பாயும், நட்ட நடுவில் வைத்தால் பறவைக்குப் பயம், புதரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் சரியாக இருக்கும். கொசு பெருகுமே என்பார்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும், நீங்கள் தினமும் காலையில் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்து நிரப்பினால் அங்கே கொசுவுக்கு வேலையில்லை. தேய்ப்பது முக்கியம், முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தினம் செய்ய முடியாது என்றால் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், அழுக்குத் தண்ணீர் பறவைக்கும் நோய்.

சருகு விஷயத்தில் உங்கள் வீட்டில் சண்டை வரலாம். மாமியார் தினமும் பெருக்கி மூலையில் குவித்து எரிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான், சுத்தமாக வைத்திருக்கிற பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சருகுக்குள்ளும் அடி மண்ணிலும்தான் பல அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு இருக்கிறது, வண்டு, மரவட்டை, சிலந்தி இருக்கிறது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பது அதற்காகத்தான், குண்டுகரிச்சானும் அங்கேதான் இறங்கும். இன்னொரு விருந்தாளியும் இருக்கிறது, நான் இந்தப் பதில் எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்: ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் முட்டையிட்டுவிட்டு ஐப்பசி வாக்கில் தெற்கே வரும். பச்சை முதுகு, சிறகில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணை மூடுகிற கறுப்புப் பட்டை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், மற்ற நேரம் சருகுக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஊருக்குள் வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்குகிற பறவை இது. சருகே இல்லாமல் வழித்துத் துடைத்த மண்ணில் அதற்கு ஒரு புழு கிடைக்காது. களைத்துப்போய் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் வைத்து, தெளிந்ததும் தோட்டத்தில் விட்டுவிடுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அதனால் மாமியாரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: வீட்டுச் சுவரிலிருந்து ஆறு ஏழு அடி வரைக்கும் அவர் விருப்பப்படி பெருக்கட்டும், கோலம் போடுகிற மாதிரி சுத்தமாக இருக்கட்டும். அதற்கு அப்பால் மதில் ஓரமாகச் சருகு கிடக்கட்டும், பெருக்கியதையும் அங்கேயே மரத்தடியில் கொட்டலாம், எலுமிச்சைக்கு அதைவிட நல்ல மூடாக்கு கிடையாது, தண்ணீர் ஊற்றுவதும் பாதியாகக் குறையும். பாம்பு பயத்துக்கும் இதுதான் வழி. பாம்பு எலிக்கும் தவளைக்கும் வரும், செங்கல் குவியலிலும் பழைய சாமான் அடுக்கிலும் ஒளியும், அவற்றை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள், இரவில் பின்பக்கம் போனால் டார்ச்சும் செருப்பும். எலிக்கு விஷம் வைக்காதீர்கள், விஷம் தின்ற எலியைப் பிடித்த கூகையும் புள்ளி ஆந்தையும் சாகும், எலியைக் குறைக்கிறவையே அவைதான். பொறி வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் இரவு முழுக்க விளக்கு எரியவேண்டாம், அந்துப்பூச்சிகள் அதைச் சுற்றியே செத்துப்போகும். வெளியே மரம் பிரதிபலிக்கிற பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் வெளிப்பக்கமாகத் திரை அல்லது வலை கட்டுங்கள், பறவை முட்டிச் சாகிறது. வீட்டுப் பூனை இருந்தால் கூடு இருக்கிற மாதங்களில் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், இதில் சமரசம் இல்லை. தெருவில் கொசுப் புகை அடிக்க வந்தால் தடுக்க முடியாது, ஆனால் உங்கள் மதிலுக்குள் தேங்கிய தண்ணீர் இல்லை என்று காட்டி உள்ளே அடிக்கவேண்டாம் என்று கேட்கலாம்.

எப்போது தொடங்குவது என்றால், நடவுக்கு ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும், புரட்டாசி ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும், நம் பக்கம் வண்ணத்துப்பூச்சி பெருகுகிற காலமும் அந்த மழையை ஒட்டித்தான். கோடையில் ஒன்றும் காணவில்லையே என்று மனம் விடவேண்டாம். நடுவதற்கு முன் ஒரு முறை ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் மேலூரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போய் வாருங்கள், சுமார் 25 ஏக்கரில் 2015இல் திறந்தது. என்ன இலையில் எது முட்டையிடுகிறது என்பதை நேரில் பார்த்துவிட்டால் நான் எழுதிய பாதி தேவைப்படாது. பறவைக்கு, 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் பின்பக்கத்திலிருந்தே கால் மணி நேரம் பார்த்து எழுதி அனுப்பலாம், குழந்தைகளோடு செய்யுங்கள், பெயர்கள் தானாகப் பழகிவிடும்.

நர்சரியில் வாங்குகிற செடி பற்றி ஒன்று. இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்துவிடும், அப்படிப்பட்ட எலுமிச்சைக் கன்றில் முட்டையிட்டால் புழு முதல் கடியிலேயே செத்துவிடும். மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள், சந்தேகமாக இருந்தால் விதை அல்லது குச்சியிலிருந்து வளர்ப்பதே மேல். ஆடுதின்னாப்பாளை பெரும்பாலும் நர்சரியில் கிடைக்காது. மழை முடிந்த பிறகு காட்டு வரப்பில் பாருங்கள், காய் முற்றிக் காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது அதற்குள் தட்டையான விதைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இருக்கும், செடியைப் பிடுங்காமல் ஒரு காயை மட்டும் எடுத்து வாருங்கள். வெயில் படுகிற இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் தூவி, முளைத்த பிறகு புழு வரும்வரை அந்தப் பக்கம் யாரும் களை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.